தோழர்களே, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

முழு நைட் முடிந்து காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதுகிறது. தலைமுடியெல்லாம் பஞ்சு, கண் சொருகுகிறது. அந்த நேரம் பார்த்து ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டுகிறார்கள். "புதுச் சட்டம் வந்திருக்கு, எல்லாருக்கும் புது ஆர்டர். ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போய்த் தூங்குங்க." எங்கள் மில்லில் ஏழு சூப்பர்வைசர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எட்டு மணி நேரம் நின்ற காலோடு யாரால் மூன்று பக்கம் படிக்க முடியும்? நான் மட்டும் வீட்டில் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

அந்தத் தாளில் நான் 'ஷிப்ட் சூப்பர்வைசர்' இல்லை, 'ஷிப்ட் எக்சிகியூட்டிவ்'. மொத்தச் சம்பளம் அதே ₹21,500. ஆனால் அதற்குள்ளே இருக்கும் கணக்கை மாற்றியிருக்கிறார்கள். ₹11,000 ஆக இருந்த அடிப்படைச் சம்பளம் ₹18,100 ஆகியிருக்கிறது. படிகள் எல்லாம் சுருங்கி ₹3,400. அடிப்படை ஏறினால் கிராஜுவிட்டி கூடுமே, நல்லதுதானே என்று ஒரு தோழர் கேட்டார். கூடும். பி.எஃப். பிடித்தம் ஏறி மாதம் ₹480 கைக்குக் குறைவாக வரும், அதுவும் நம் கணக்கில் சேர்கிற பணம்தான். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஏன் ₹18,100? பதினேழாயிரத்து ஐந்நூறு ஏன் இல்லை?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் தொழில் உறவுகள் தொகுப்பு என்ன சொல்கிறது தெரியுமா? மேற்பார்வை வேலை செய்பவர் மாதம் ₹18,000க்கு மேல் ஊதியம் வாங்கினால் அவர் 'தொழிலாளி' இல்லை. அடிப்படையும் பஞ்சப்படியும்தான் இங்கே முக்கியமாக ஊதியம். மற்ற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால்தான் அந்த மிகுதியும் சேரும். நேற்று வரை அந்தக் கணக்கில் என் ஊதியம் ₹11,000. நான் தொழிலாளி. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் ₹18,100. நூறு ரூபாய் வித்தியாசத்தில் நான் கோட்டுக்கு வெளியே நிற்பேன். ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காமலே என்னை வெளியே தள்ளிவிட முடியும்.

வெளியே போனால் என்ன ஆகும்? நாளைக்கே வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் தகராறு எழுப்பித் தீர்ப்பாயத்துக்குப் போகிற வழி அடைபடும். ஆட்குறைப்பு இழப்பீடு நமக்கு இல்லை என்பார்கள். வேலை நிபந்தனையை மாற்றுவதற்கு முன்னால் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய 21 நாள் முன்னறிவிப்பும் நமக்குத் தேவையில்லை என்பார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கத்தில் நின்று பேசுகிற சூப்பர்வைசருக்கும் அந்தப் பக்கத்தில் நின்று கெஞ்சுகிற சூப்பர்வைசருக்கும் சம்பளம் எப்படி ஒன்றாக இருக்கும்?

தோழர்களே, நம் சம்பளத்தை எது தீர்மானிக்கிறது என்று கேட்டால் படிப்பு, அனுபவம், திறமை என்று நாமே ஒப்பிக்கிறோம். அதெல்லாம் உண்டு. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் இந்தக் கோடு நிற்கிறது. 1947இன் தொழில் தகராறு சட்டம் முதலில் உடலுழைப்பும் எழுத்தர் வேலையும் செய்பவர்களைத்தான் தொழிலாளி என்றது. 1956இல்தான் மேற்பார்வையாளரைச் சேர்த்தார்கள், அதுவும் ₹500 வரை. 1982இல் அதை ₹1,600 ஆக்கினார்கள். பிறகு 2010 வரை அந்தக் கோட்டை யாரும் தொடவில்லை. 28 வருடம்! அரிசி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, அதற்கு ஈடாகக் கொஞ்சம் சம்பளம் ஏறியது. ஏறிய சம்பளமே சூப்பர்வைசர்களை ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்ட வைத்தது. 2010இல் ₹10,000. இப்போது ₹18,000. விலைவாசி நம்மைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விடுகிறது, கோடு பின்னால் மெதுவாக நடந்து வருகிறது. கூட்டாகக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் இன்கிரிமென்ட் என்பது மேனேஜரின் மனநிலைதான்.

நம் பக்கத்து நிலவரத்தையே எடுத்துக்கொள்வோம். கோவை, பல்லடம், உடுமலை, திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகளில் புதிதாக வருகிற ஷிப்ட் சூப்பர்வைசர் பதினைந்து, பதினாறாயிரத்தில் தொடங்குகிறார். பத்து வருடம் பழகியவர் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் நிற்கிறார். டெக்ஸ்டைல் டிப்ளமோவோடு பெரிய மில்லில் இருப்பவர் முப்பதைத் தொட்டதும் உண்டு. ஓரகடம், ஓசூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் இதே பெயரோடு வேலை பார்க்கிற தம்பி நம்மைவிடக் கூடுதலாக வாங்குகிறான். அவன் நம்மைவிடக் கெட்டிக்காரன் என்பதாலா? இல்லை. நூல் விலையில் பாதிக்கு மேல் பஞ்சுக்கே போய்விடுகிறது, அடுத்தது கரன்ட். பஞ்சு விலையும் கரன்ட் கட்டணமும் முதலாளி கையில் இல்லை. அவர் கை எட்டுகிற ஒரே இடம் நம் கூலி. 2022 மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தொட்டபோது "இந்த வருஷம் பொறுத்துக்கோங்க" என்றார்கள். பொறுத்துக்கொண்டோம். பஞ்சு விலை இறங்கியது. பொறுத்த வருடத்தின் இன்கிரிமென்ட் திரும்பி வந்ததா? உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள்தான் இன்று நிறையக் கதிர்களை ஓட்டுகிறார்கள். இந்தி பேசத் தெரிந்த சூப்பர்வைசருக்கு மவுசு. சரி, அது ஒரு திறமை, அதற்குக் காசு கொடுக்கட்டும். ஆனால் பதினைந்து வருடம் ரிங் ஃபிரேமின் சத்தத்தை வைத்தே எந்தப் பெட்டியில் கோளாறு என்று சொல்கிற மனிதருக்கு அந்தக் காதுக்காக ஒரு ரூபாய் உண்டா? பெண் சூப்பர்வைசர்கள் கதை இன்னும் மோசம். ஹாஸ்டலோடு சேர்ந்த மில்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் அவர்கள் தலையில்தான், அதற்குத் தனிக் கூலி கிடையாது. ஒரே ஷிப்ட், ஒரே டிபார்ட்மென்ட், ஆணுக்கு ஒரு சம்பளம் பெண்ணுக்கு ஒரு சம்பளம். ஒரே வேலைக்கு ஆண் பெண் வித்தியாசம் காட்டக் கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. நம் பெண் தோழர்கள் தங்கள் சீட்டை நம் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதை முதலில் நாம் காட்ட வேண்டும். சம்பளத்தை மறைப்பது கௌரவம் என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது என் சென்ற மாதக் கணக்கை வைக்கிறேன். 26 நாள். ஷிப்ட் எட்டு மணி நேரம் என்பது சுவரில் ஒட்டிய தாளில். அரை மணி முன்னால் போய்ச் சார்ஜ் வாங்க வேண்டும், முடிந்ததும் லாக் புத்தகம், வேஸ்ட் எடை, ரிப்போர்ட், மேனேஜர் மீட்டிங் என்று ஒன்றரை மணி. ஆக நாளைக்குப் பத்து மணி நேரம், 260. மூன்று நாள் மாற்று ஆள் வரவில்லை, டபுள் ஷிப்ட், அது 24. மொத்தம் 284 மணி நேரம். ₹21,500ஐ 284ஆல் வகுத்தால் மணிக்கு ₹75 சொச்சம். எங்கள் மில்லில் நிரந்தர சைடருக்கு, அதாவது ஃபிரேம் பார்க்கிறவருக்கு, நாள் கூலி ₹560, மணிக்கு ₹70. அவர் இதே 284 மணி நேரம் நின்று, 26 நாளின் வழக்கமான 208க்கு மேல் உள்ள 76 மணிக்குச் சட்டப்படி இரட்டிப்பு வாங்கினால் வருவது ₹25,200. சைடராக இருந்தால் ₹25,200, சூப்பர்வைசராக இருந்தால் ₹21,500. பதவி உயர்வு என்று எனக்கு மாலை போட்டார்கள். மாதம் ₹3,700 போய்விட்டது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் கணக்குப் போடத் தோன்றவில்லை. வெள்ளைச் சட்டையும் நாற்காலியும் கண்ணை மறைத்தன.

ஸ்டாஃபுக்கு ஓ.டி. கிடையாது என்பதை நாம் இயற்கை விதி போல நம்புகிறோம். தோழர்களே, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பைப் படியுங்கள். அதில் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் மேற்பார்வை வேலை செய்பவரும் இருக்கிறார். குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட ஊழியர் வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை செய்தால் இரட்டிப்புக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கேட்பதற்குக் காலக்கெடு மூன்று வருடம். நாம் சும்மா இருக்கிற ஒவ்வொரு மாதமும் அந்தக் கெடுவில் ஒரு மாதம் கரைகிறது. நமக்காகச் சங்கமே மனுப் போடலாம்.

இன்னொரு பழைய காயத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு என் சம்பளம் ₹20,800. ஒரு நாள் கூப்பிட்டு ₹400 ஏற்றியிருக்கிறோம் என்றார்கள். ₹21,200. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். இ.எஸ்.ஐ.யின் வரம்பு ₹21,000. நடப்பு ஆறு மாதக் கணக்கு முடிந்ததும் பங்கு கட்டுவது நின்றது, பிறகு எங்கள் கார்டும் செல்லாமல் போனது. அம்மாவுக்கு மாதா மாதம் சர்க்கரை மாத்திரை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறோம். பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். எனக்காக நிர்வாகம் கட்டிவந்த பங்கு 3.25 சதவீதம், மாதம் ₹676. எனக்கு ₹400 ஏற்றியதால் அவர்களுக்கு ₹676 மிச்சம். கூட்டிக் கொடுத்ததிலேயே மாதம் ₹276 லாபம். இந்தக் கணக்கைத் தனியாளாகப் போடுவதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. சங்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே போட்டிருப்போம்.

சைடர், டாஃபர் தோழர்களே, உங்களிடமும் பேச வேண்டும். எங்கள் மேல் உங்களுக்குக் கோபம் உண்டு. நியாயமான கோபம். போன வருடம் ஒரு அரை நைட்டில், பத்து மணி வாக்கில், 14ஆம் நம்பர் ஃபிரேமில் நின்ற ஒடிசாப் பிள்ளை ஒன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பத்து நிமிடம் உட்காரட்டுமா என்று கேட்டது. டாஃபிங் முடியட்டும் என்றேன். அது பேசாமல் திரும்பிப் போய் ஃபிரேமின் கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டே இருந்தது, கை நடுங்கியது. அன்றைக்கு லாக் புத்தகத்தில் எஃபிஷியன்சி 94.2 என்று எழுதினேன். அந்த எண் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. 94க்குக் கீழே போனால் காலையில் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்பார்கள் என்ற பயத்தில் அந்தப் பிள்ளையை நிற்க வைத்தேன். அதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற சொல் மட்டும்தான் இருக்கிறது. உங்களை அதட்டுவதற்கென்றே எங்களை வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு பெயரும் ஒரு நாற்காலியும் தந்திருக்கிறார்கள். எங்களுக்கு ஓ.டி. இல்லாத வரைக்கும் உங்களுக்கு ஆள் போடாமல் எங்களை வைத்தே ஓட்டுவார்கள். நீங்கள் எங்களைச் சங்கத்தில் சேர்க்கத் தயங்காதீர்கள். நாங்கள் அங்கே வந்து உட்கார்ந்தால் அடுத்த முறை ஒரு பிள்ளை கேட்கும்போது உட்கார் என்று சொல்கிற தைரியம் எங்களுக்கும் வரும்.

சூப்பர்வைசர் சங்கத்தில் சேர முடியாது என்று சொல்கிறார்களே, அது பொய். அதே தொழில் உறவுகள் தொகுப்பில், தொழிற்சங்கம் பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் தொழிலாளி என்ற சொல்லுக்கு வேறு பொருள் கொடுத்திருக்கிறார்கள்: தொழிலில் வேலை செய்கிற எல்லாரும். அங்கே ₹18,000 கோடு இல்லை. முந்தைய 1926 தொழிற்சங்கச் சட்டத்திலும் இதே நிலைதான். சங்கம் அமைக்கிற உரிமை அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவில் இருக்கிறது.

அதோடு, தாளில் என்ன பெயர் எழுதினாலும் பெயர் முடிவு செய்யாது. ஆர்கல் கோவிந்த ராஜ் ராவ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒருவர் முக்கியமாக என்ன வேலை செய்கிறார் என்று பார், கூடவே கொஞ்சம் மேற்பார்வை செய்வதால் அவர் தொழிலாளி இல்லாமல் போகமாட்டார். நாம் முக்கியமாக என்ன செய்கிறோம்? ஆள் வராத நாளில் யார் சைடு பார்க்கிறது? ரோலரில் சுற்றிய பஞ்சைக் கத்தியால் அறுத்து எடுப்பது யார்? டிராவலர் மாற்றுவது, சிம்ப்ளக்ஸில் பாபின் மாற்ற ஓடுவது, கோனரில் ஜாமான டிரம்மைத் திறப்பது யார்? லீவு கொடுக்கிற அதிகாரம் நமக்கு உண்டா? ஒருவரை வேலைக்கு எடுக்கவோ நிறுத்தவோ நம் கையெழுத்து செல்லுமா? ஒன்றுமில்லை. ஆனால் இதை நாளைக்கு ஒரு அதிகாரி முன்னால் வாயால் சொன்னால் நிற்காது. எழுத்தில் இருக்க வேண்டும்.

நம்மை மாதிரி ஆட்கள் சங்கம் வைத்த வரலாறு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் கார் ஆலைகளின் ஃபோர்மேன்கள் 1941இல் தங்களுக்கென்று சங்கம் கட்டினார்கள். பேக்கார்டு கம்பெனியின் ஃபோர்மேன்களுக்கு அந்த உரிமை உண்டு என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1947 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. மூன்றே மாதத்தில், ஜூனில், டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் கொண்டுவந்து மேற்பார்வையாளர்களைப் பாதுகாப்பிலிருந்து வெட்டிவிட்டார்கள். நம் நாட்டில் தொழில் தகராறு சட்டம் வந்த அதே வருடம். ஃபோர்மேனும் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்றால் ஆலையை ஓட்ட ஆள் இருக்காது என்பது இரண்டு கரையிலும் தெரிந்திருந்தது. அதே நாட்டில் 2021 டிசம்பரில் பஃபலோ நகரத்தில் ஸ்டார்பக்ஸ் கடை ஊழியர்கள் சங்கத்துக்கு ஓட்டுப் போட்டபோது, ஷிப்ட் சூப்பர்வைசர்களும் காபி போடுகிறவர்களோடு ஒரே பட்டியலில் நின்று ஓட்டுப் போட்டார்கள். பெயர் சூப்பர்வைசர் என்றாலும் அவர்கள் கையும் காபி மெஷினில்தான் இருந்தது.

நம் ஊரிலும் பார்த்தோம். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கிற திருத்த மசோதா சட்டசபையில் நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் ஒரே குரலில் எழுந்தன. மே 1ஆம் தேதி அது திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சரே அறிவித்தார். பத்து நாள். அந்தப் பத்து நாளும் நாம், சூப்பர்வைசர்கள், அது நம் பிரச்சினை இல்லை என்று வேடிக்கை பார்த்தோம். நாளுக்குப் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் எந்த மசோதாவும் இல்லாமல் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்தவர்கள் நாம்தான்.

தோழர்களே, இப்போது நேரம் இல்லை. அடுத்த வாரத்துக்குள் மீதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று ஆபீசுக்கு உத்தரவு வந்திருக்கிறது. உங்கள் மில்லிலும் இதே மாதிரி ஒரு தாள் வரும், அல்லது வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை போட வேண்டாம். கையெழுத்துக் கேட்டால் 'பெற்றுக்கொண்டேன், சம்மதம் இல்லை' என்று தமிழில் எழுதித் தேதி போடுங்கள். நகல் கேளுங்கள், கொடுக்காவிட்டால் செல்போனில் படம் எடுங்கள். பழைய ஆர்டரைத் தேடி எடுத்து வையுங்கள். பணி நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் கொடுப்பது இன்று சட்டக் கடமை, அதைக் கேட்பதற்கு யாரும் கூச வேண்டாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஏழு தோழர்களே, நீங்களும் வாருங்கள், உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். படிக்க அவகாசம் தரவில்லை, தூக்கக் கலக்கத்தில் வாங்கினார்கள் என்று இந்த வாரமே எழுதிக் கொடுப்போம். நான் கூட வந்து நிற்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இன்றைய ஷிப்டிலிருந்து எழுதுங்கள்: எத்தனை மணிக்கு உள்ளே போனேன், எத்தனை மணிக்கு வெளியே வந்தேன், எந்த ஃபிரேமில் என் கையால் என்ன வேலை செய்தேன், யார் வராததால் செய்தேன். நாளுக்கு நாலு வரி போதும். டபுள் ஷிப்ட் பார்க்கச் சொல்லி வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற செய்தியை அழிக்காதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க ஆபீசில் கூடுகிறோம். முழு நைட் முடித்து வருகிறவர்களுக்குப் பின் அறையில் பாய் போட்டிருக்கும், டீயும் இட்லியும் இருக்கும். சென்ற மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய ஆர்டர், புதுத் தாள், நோட்டு, இந்த நாலையும் கொண்டு வாருங்கள். ஹாஸ்டலில் இருந்து வெளியே வர அனுமதி கிடைக்காத பெண் தோழர்கள் சீட்டின் படத்தை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்தனுப்புங்கள். 14ஆம் நம்பர் ஃபிரேமில் நின்ற அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறது.